நாற்பது பேருக்கான மாவு

ஒரு கோபத்தை மூன்று நாள் வாய்க்குள்ளேயே வைத்திருப்பது லேசான காரியமில்லை. பெரியவள் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அப்பாவின் இரும்புப் பெட்டியைத் தூசு தட்டப் போனவள், மூடியின் உட்பையில் இரண்டு ரயில் டிக்கெட்டுகளைப் பார்த்துவிட்டாள் அல்லவா, அப்போது மூண்ட கோபம். வருகிற புதன்கிழமை காலை வண்டி. ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் அம்மா பெயர். போவதற்கு மட்டும்தான் டிக்கெட். திரும்பி வருவதற்கு இல்லை.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. வெள்ளி, சனி இரண்டு நாளும் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை வந்த ஒரு பெரியவர், "எது சொன்னாலும் அடிச்சுடுவே போலிருக்கேம்மா" என்று நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளை எழுப்பியது சமையலறையில் சல்லடை தட்டுகிற சத்தம். அவளுடைய சமையலறையில் வேறு யாரோ தட்டுகிற சத்தம்.

அப்பா முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றுதான் பெயர். ஓய்வு பெற்று, இரண்டு இரும்புப் பெட்டிகளோடும் ஒரு பித்தளைக் கரண்டியோடும் வீடு வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் பெரியவள் அவரை ஒரு தடவைகூட 'அப்பா' என்று கூப்பிடவில்லை. எல்லாமே மொட்டைப் பேச்சு. "சாப்பாடு இருக்கு." "கதவு திறந்திருக்கு." "தண்ணி காய்ஞ்சாச்சு." சுவரைப் பார்த்துச் சொல்வாள். காது இருந்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சமையலறைக்குள் போனாள். மேடையில் மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், ஒரு பெரிய குவளை நிறைய மோர். இடுப்பில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றார் கப்பல்காரர். ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள் சின்னவள். அவளுக்குக் கூரியர் ஆபீஸில் எந்தப் பார்சல் எந்த வண்டியில் போக வேண்டும் என்று சொல்கிற வேலை. அப்பாவின் ஏதோ ஒரு லீவில் பிறந்தவள் என்பதால், அவர் போவதும் வருவதும் அவளுக்குப் பருவமழை மாதிரி. கோபப்பட என்ன இருக்கிறது என்பாள்.

"பாப்பா எழுந்தாச்சா? அரை மணி நேரம் பொறு" என்றார் அப்பா. "பான்கேக். மெத்து மெத்துன்னு. அன்னைக்குச் சொன்னேன்ல?"

அன்னைக்கு என்றால் எப்போது? பெரியவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது. தொலைபேசியில். "அப்பா வந்ததும் தலகாணி மாதிரி பண்ணித் தர்றேன், நீ தட்டை எடுத்து வை." அவளும் தட்டை எடுத்து வைத்தாள். பத்து நாள் லீவில் வந்தவர் ஆறு நாள் தூங்கினார், மூன்று நாள் ஏதோ அலுவலகத்தில் வரிசையில் நின்றார், பத்தாம் நாள் கிளம்பினார். அடுத்த லீவில் அடுப்பு ரிப்பேர். அதற்கடுத்த லீவில் அவளுக்குப் பரீட்சை. அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இருபத்தாறு வருஷம் கழித்து அதைச் சூடு பண்ண வந்திருக்கிறார்!

"பசி இல்லை" என்று சுவரிடம் சொன்னாள்.

"நாற்பது பேருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணுவேன். நாலு பேருன்னா கை தடுமாறுது" என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "சின்னக்குட்டிதான் எல்லாத்தையும் பத்தால வகுத்துக் கொடுத்தா."

அந்தக் காகிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. தூரத்து எழுத்தைப் படிப்பது பெரியவளுக்குத் தொழில். நின்ற இடத்திலிருந்தே படித்துவிட்டாள். மைதா நானூறு கிராம். மோர் அரை லிட்டர். கடைசி வரியில், சமையல் சோடா: நாற்பது பேருக்கு நாலு கரண்டி, நாலு பேருக்கு அரைக் கரண்டிக்கும் குறைவு.

"இதுல முக்கியம் மோர்தான்" என்றார். "தண்ணி விட்ட மோர் ஆகாது. கெட்டியா, நல்லாப் புளிச்சிருக்கணும். அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் மாவைத் தூக்கும். புதன்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது உங்களுக்கெல்லாம் பண்ணிக் கொடுத்துடணும்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன புண்ணியம்? வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான்.

"புதன்கிழமைக்கு அப்புறம் என்ன?" என்றாள் பெரியவள். இந்தத் தடவை சுவரிடம் இல்லை.

அவர் கையில் பித்தளைக் கரண்டி. கரண்டி சோடா டப்பாவுக்குள்.

"பாப்பா..."

"நான் பாப்பா இல்லை. முப்பத்துமூணு வயசு. பெட்டி மூடிக்குள்ள ரெண்டு டிக்கெட் இருக்கு. பார்த்தேன்."

கரண்டியைக் கட்டைவிரலால் வழித்து, மாவில் தட்டினார். ஒன்று.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? ரயில் ஏறிட்டா? போன்லயா? மாசத்துக்கு ஒரு தடவை நாலு நிமிஷம் பேசுவீங்களே, அதுலயா?"

"அங்க கடலோரத்துல ஒரு வேலை கிடைச்சிருக்கு. மாலுமிங்க தங்கற விடுதி. சமையலைப் பார்த்துக்கணும். சின்னதா வீடும் தர்றாங்க."

"நாற்பது பேருக்கா?"

"முப்பத்தெட்டு" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிற மனிதர். இரண்டு.

"அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணினாங்களே, அப்ப எங்க இருந்தீங்க?"

"நடுக்கடல்ல."

"நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல இருந்தேன். பதினோரு நாள். குளிக்க வச்சேன், தூக்கி உட்கார வச்சேன், ஒவ்வொரு அடியா நடக்கப் பழக்கினேன். ரெண்டு வருஷம் ஆச்சு அம்மா வாசல் வரைக்கும் தனியா நடக்க. நடக்க ஆரம்பிச்சதும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக வந்துட்டீங்க. நோகாம!"

மூன்று.

இரண்டாவது கரண்டியிலேயே பெரியவள் கவனித்துவிட்டாள். அவருடைய காது அவளிடம் இருந்தது. கை கப்பலுக்குப் போய்விட்டது. முப்பது வருஷம் நாற்பது பேருக்கு அளந்த கை, தன் கணக்கைத் தானே எண்ணிக்கொண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். போடட்டும் என்று மூடிக்கொண்டாள். போட்டு, பொங்கி, நாசமாகப் போகட்டும்.

நான்கு.

சின்னவள் தன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் என்று கேட்டும் அவள் தலை நிமிரவில்லை. கோபத்தின் நடுவில் பெரியவளுக்கு அது உறைக்கவில்லை.

அப்பா மாவின் நடுவில் குழி பண்ணி முட்டையை உடைத்து ஊற்றினார். மோரை விட்டார். உருக்கிய வெண்ணெயைச் சேர்த்தார். கரண்டியால் பத்துச் சுற்று. அப்படியே நிறுத்தினார்.

"கட்டி கட்டியா நிக்குதே" என்று சின்னவள் இறங்கி வந்து கரண்டியை வாங்கப் போனாள்.

"நிக்கட்டும். கட்டியை உடைக்கிறேன்னு கலக்கினா ரப்பர் செருப்பு மாதிரி வரும். பத்து நிமிஷம் அதை யாரும் தொடக் கூடாது."

மாவு புஸ்ஸென்று நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்தது. "மோர் நல்லாத்தான் புளிச்சிருக்கு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

தட்டையான வாணலி காய்ந்தது. விரலால் நீர் தெளித்தார். துளிகள் உருண்டு ஓடின. வெண்ணெய் தடவி ஒரு கரண்டி மாவை விட்டார். ஓரம் காய்ந்து, மேலே குமிழ் குமிழாக வந்து உடைந்ததும் ஒரே தடவை திருப்பினார். எழும்பியது பாருங்கள், இரண்டு விரல் உயரத்துக்கு! நிறம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிவந்திருந்தது.

"தலகாணியேதான்!" என்று கை தட்டினாள் சின்னவள்.

கூடத்து மேஜையில் அம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சலவைக் கடையில் இருபது வருஷம் நின்றுகொண்டே இஸ்திரி போட்டவள்; முட்டி போனது அங்கேதான். சமையலறைச் சண்டை முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தலையை நன்றாக வாரியிருந்தாள். நான்கு தட்டுகளில் நான்கு பான்கேக், மேலே வெண்ணெயும் தேனும்.

முதல் வாய் சின்னவளுடையது. ஓடிப்போய்க் குழாயடியில் துப்பினாள். "ஐயோ, துணி சோப்பு!"

அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லவில்லை. அப்படியே நின்றவர், திரும்பிச் சமையலறை மேடையில் கிடந்த பித்தளைக் கரண்டியைப் பார்த்தார். "நாலு போட்டுட்டேன்" என்றார். "நாலு கரண்டி போட்டுட்டேனே." கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் பாத்திரத்தைக் கயிற்றால் கட்டி வைத்துச் சமைத்தவர். அன்றைக்கெல்லாம் தப்பாத கை, நாலு பேர் உட்கார்ந்த மேஜையில் தப்பிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

இதைப் பார்த்தால் மனசு குளிரும் என்று பெரியவள் நினைத்திருந்தாள். குளிரவில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மா மட்டும் தின்றுகொண்டிருந்தாள். ஒரு விள்ளல், இன்னொரு விள்ளல், மூன்றாவது.

"அம்மா, துப்பும்மா! எதுக்கு முழுங்கறே?" என்றாள் பெரியவள்.

"ஆசையா பண்ணிக் கொடுத்ததை எப்படிடி துப்பறது?"

அவ்வளவுதான், பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. "இதேதான்! முப்பது வருஷமா இதையேதான் பண்றே! அவர் கொடுத்ததையெல்லாம் வாயைத் திறக்காம முழுங்கினே! வரலைன்னா முழுங்கினே, மறந்துட்டேன்னா முழுங்கினே, இப்ப வான்னு கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பறே!"

அம்மா தட்டைத் தள்ளினாள். அது மேஜையின் அந்த ஓரம் வரை போய் நின்றது.

"யாருடி கூப்பிட்டா? டிக்கெட் எடுக்கச் சொன்னது நான்."

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேலை இருக்குன்னு கடிதாசு வந்தப்ப உங்கப்பா வேணாம்னாரு. இங்கயே இருக்கேன்னாரு. நான்தான் போகணும்னேன். உன்கிட்ட இப்பச் சொல்ல வேணாம்னும் நான்தான் சொன்னேன். சொன்னா நீ இப்படித்தான் குதிப்பேன்னு தெரியும். முப்பது வருஷமா கடல், கடல்னு காதுலதான் கேட்டேன். ஒரு நாள் கண்ணால பார்த்ததில்லை. எனக்குப் பார்க்கணும்."

"அப்ப எல்லாத்தையும் மன்னிச்சுட்டே?"

"மன்னிச்சுட்டேன்னு யாருடி சொன்னா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. இந்த வீட்டில் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "முப்பது வருஷக் கோபம் வச்சிருக்கேன். அதை யார்மேல காட்டறது, இந்தச் சுவத்து மேலயா? ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் கோபப்பட முடியும். தினமும் காலையில எழுந்து ஒவ்வொண்ணா கேக்கப் போறேன். அவரும் பதில் சொல்லட்டும். எங்கயும் ஓட முடியாது, இனிமே கப்பல் கிடையாது."

கப்பல்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

"உனக்கும் ஒண்ணு சொல்றேன்" என்று அம்மா பெரியவள் பக்கம் திரும்பினாள். "உங்க முதலாளி ரெண்டு தடவை புதுக் கிளையைப் பார்த்துக்கோன்னு கூப்பிட்டாரு. ரெண்டு தடவையும் அம்மாவுக்கு முட்டின்னு சொல்லித் திருப்பி அனுப்பினே. நான் கேட்டேனா? என் முட்டி நடக்குது. நீதான் நின்ன இடத்துலயே நிக்கறே. உன் பயத்துக்கு என் காலைச் சாக்குச் சொல்லாதே."

பதினோரு நாள் பெஞ்சில் படுத்ததற்கு இதுதான் கூலியா? பெரியவளுக்குக் கண் எரிந்தது. அழுதால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்தாள். ஆனால் வேறொன்று தொண்டைக்கு வந்துவிட்டது, அதைக் கடிக்க முடியவில்லை.

"அவர் நாலு கரண்டி போட்டதை நான் பார்த்தேன்" என்றாள். "எண்ணிக்கிட்டே இருந்தேன். தெரிஞ்சேதான் சொல்லலை."

அதுவரை குனிந்திருந்த அப்பா எழுந்தார். அவள் என்னென்னவோ பேசியபோது வராத கோபம் இப்போது வந்தது.

"என்மேல என்ன கோபம்னாலும் காட்டு. நியாயம்தான், நான் வாங்கிக்கறேன். சாப்பாட்டுல காட்டாதே! அதை வாயில வச்சது உங்கம்மா! கப்பல்ல நாற்பது பேரும் ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கற அளவுக்குச் சண்டை போட்டிருக்காங்க. ஒருத்தன் தட்டுல ஒருத்தன் கை வச்சதில்லை. நீ..."

"அப்ப நான் எங்கதாம்ப்பா காட்டறது?" என்று கத்தினாள் பெரியவள். "சொல்லுங்கப்பா! ஏழு வயசுல இருந்து எங்க காட்டறதுன்னு தெரியாமத்தானே வச்சுக்கிட்டு இருக்கேன்! நீங்க எப்பவாவது இங்க இருந்தீங்களா?"

கத்தி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, எந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது என்று. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அம்மா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா கண்ணை இடுப்புத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, நான்கு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். மிச்ச மாவைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் சல்லடை.

பெரியவளின் கோபம் எங்கும் போய்விடவில்லை. நெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆனாலும் கால் சமையலறைக்குப் போயிற்று. அவர் கையில் இருந்த பித்தளைக் கரண்டியை வாங்கிக்கொண்டாள். சோடாவை எடுத்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, அரைக் கரண்டிக்கும் கீழே வழித்தாள்.

"இது சரியா இருக்கா?" என்று முறைப்பாகவே கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றார்.

மோர், முட்டை, வெண்ணெய், பத்துச் சுற்று. பத்து நிமிஷம் மாவு கிடந்தது. இந்தத் தடவை மாவு பொங்கி ஓடவில்லை; சின்னச் சின்னக் குமிழோடு சாதுவாக எழும்பியது. முதல் பான்கேக் பொன்னிறத்தில் மெத்தென்று வந்தது. கூடத்துக்கு எடுத்துப்போய் அம்மா முன்னால் வைத்தாள். அம்மா விண்டு வாயில் போட்டு, "ம்" என்றாள். கோபம் தீராத 'ம்'. ஆனாலும் அடுத்த விள்ளலுக்கு அவள் கை தானாகவே போனது.

பெரியவள் திரும்பி வந்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த காகிதத்தை எடுத்தாள். மேடை மேல் வைத்துப் பென்சிலைப் பிடித்தாள்.

"புதன்கிழமைக்கு அப்புறம் வீட்ல ரெண்டு பேர்தான்" என்றாள். அவள் குரல் இன்னும் காரமாகத்தான் இருந்தது. "நானும் இவளும். ரெண்டு பேருக்கு எவ்வளவு போடணும்னு சொல்லிட்டுப் போங்க."

அப்பா வாணலியில் அடுத்த கரண்டி மாவை விட்டுவிட்டு, விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

ஜன்னல் திட்டில் இல்லை அவள். கதவோரம் நின்றிருந்தாள். வாய் ஓயாதவள், அம்மா கத்தியபோதும் அப்பா கத்தியபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. கைபேசியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"என்னடி?"

"ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு கேட்டு வச்சுக்கோக்கா. நானும் இங்க இருக்க மாட்டேன்."

வாணலியில் குமிழ்கள் வந்து, உடைந்து, ஓரம் கருக ஆரம்பித்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.